ஐஸ் பெட்டியின் முதுகுப்பக்கம்

கொடைக்கானல் கடைத்தெருவில் இப்ராம்சாவிடம் அடுப்பு வாங்கியவர்களைவிட, கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். இந்த அளவு அறைக்கு எந்த அடுப்பு போதும்? விடியும்வரை எரிய எவ்வளவு மண்ணெண்ணெய் பிடிக்கும்? புகைக்குழாய் இல்லாமல் முடியாதா? கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கரி மூட்டினால் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் அசராமல், "தாராளமா மூட்டுங்க, காலையில எந்திரிக்க மாட்டீங்க" என்பார்.

கேட்பவர்கள் எல்லாம் கீழே வெயிலுக்குப் பயந்து மலையேறி வீடு கட்டியவர்கள். கட்டும்போது மட்டும் ஊர்ப் புத்தி விடாது. காற்று வரவேண்டுமென்று பதினாலு அடியில் கூரை போடுவார்கள், கதவுக்கு மேலே ஓட்டை விடுவார்கள். டிசம்பரில் ஒருதரம் வந்து படுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வெள்ளனே போர்வையோடு இப்ராம்சா கடை வாசலில் நிற்பார்கள். காசைக் கொட்டிக் குளிரை வாங்கியவர்கள், அதை விரட்ட வழி கேட்டார்கள். இப்ராம்சாவின் பிழைப்பு அதில்தான் ஓடியது.

பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த சுந்தராம்பாளும் 1957-ல் அப்படித்தான் வந்தார். எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு, "ஏன் பாய், பனிக்குச் சூடு, மே மாசத்துக்குக் குளிர்ச்சி, ரெண்டையும் ஒரே பெட்டி குடுக்காதா?" என்றார். இப்ராம்சா சிரித்த சிரிப்பில் எதிர்த்த டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஊருக்கெல்லாம் சூடு விற்ற மனிதரின் சொந்த வீடு, கடைக்குப் பின்னால் ஓர் ஈர அறை. கூரையைத் துளைத்துக் குழாய் வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. குழாய் இல்லாத அடுப்பின் புகை மனைவி ஆமினாவுக்கு ஆகவில்லை, மூச்சு இழுப்பு வந்துவிடும். 1959 ஐப்பசியில் அவள் சொல்லிவிட்டாள்: "இந்த மார்கழியும் இப்படியே போச்சுன்னா நான் பழனிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்." ஒன்றை இரண்டு தரம் சொல்கிறவள் இல்லை அவள். இப்ராம்சாவின் வாயில் வந்ததோ, வீட்டுக்காரரைப் பற்றியும் குழாயின் நீளத்தைப் பற்றியும் ஒரு பெரிய விளக்கம்தான்.

அந்த மாதம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கப்பலேறும்போது, மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டி ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. இந்த மலையில் ஐஸ் பெட்டியை யார் வாங்குவார்கள்? கடையில் இடமில்லாமல் வீட்டுக்குள் தள்ளி, ஓடுகிறதா என்று பார்க்க அடியிலிருந்த புகையில்லாத சின்ன விளக்கை ஏற்றி வைத்தார். மறுநாள் பார்த்தால், ஆமினா அதன் முதுகுப்பக்கம் பாயைப் போட்டு இழுப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கையை வைத்துப் பார்த்தார். உள்ளே ஜில்லென்றிருந்தது, முதுகு கதகதவென்றிருந்தது. ஒரு குடம் தண்ணீரை உள்ளே வைத்தார். தண்ணீர் குளிரக் குளிர, முதுகு இன்னும் சுட்டது. உள்ளே இருக்கிற சூட்டைப் பிடுங்கிப் பின்னால் தள்ளுகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சுந்தராம்பாள் சொன்னது சரி என்பதும் புரிந்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம், மழையில் நனைந்துகொண்டு சுந்தராம்பாள் கடைக்குள் ஓடிவந்தார். இப்ராம்சா தடுப்பதற்குள் ஆமினா அவரை உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கே பாய். இது என்ன அடுப்பு?"

"ஐஸ் பெட்டிங்கம்மா," என்றார் இப்ராம்சா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சுந்தராம்பாள் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். "என்னயச் சொல்லிச் சிரிச்சீங்களாமே. பழனி வரைக்கும் வந்து சேந்துச்சு. சரி, போகட்டும். இதை எனக்குக் குடுத்துருங்க."

"ரிப்பேருங்கம்மா. குளிர் சரியா வராது." வாடிக்கையாளரிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

"குளிருக்குத்தான் மலையே கெடக்கே. எனக்கு இதோட முதுகு போதும்."

இப்ராம்சாவுக்குத் தப்பிக்க வழியில்லை. டீயோடு வந்த ஆமினா வாசலிலேயே நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் படபடவென்று சொன்னார்: "இது விக்கிறதுக்கு இல்லீங்க. இது போச்சுன்னா இவ பழனிக்குப் போயிருவா. இவ இல்லாம எனக்கு இந்த மலையில ஒரு சோலியும் இல்லீங்க. நான் ஒத்தையில இருக்க மாட்டேன்."

சுந்தராம்பாள் டீயைக் குடித்து, குழாய் வைத்த அடுப்பு ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, மழை விட்டதும் கிளம்பினார்.

ஆமினா தம்ளரை எடுத்தபடி சொன்னாள்: "இந்த வார்த்தைய ஐப்பசியிலயே சொல்லியிருந்தா, நான் போறேன்னு வாயத் தெறந்திருப்பேனா?"

இப்ராம்சா பெட்டிக்கு எண்ணெய் ஊற்றக் குனிந்தார்.

"அது கெடக்கட்டும், இப்படி உக்காருங்க," என்றாள் ஆமினா.