உடுப்பிட்டிக்குப் பூச்சியம்

கடைத் தட்டில் பொருள் இருந்தால் அதை அங்கே அனுப்பியவனை ஒருவரும் நினைப்பதில்லை. தட்டு வெறுமையானால் மட்டும் அவன் பெயரை எல்லாரும் கேட்பார்கள்.

அந்த அனுப்புகிறவன் நான். கொக்குவில் களஞ்சியத்திலிருந்து எங்கள் நான்கு கடைகளுக்கும் ஒவ்வொரு கிழமையும் என்ன போக வேண்டும், எத்தனை போக வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. முன்பு கடைப் பொறுப்பாளர்கள் தொலைபேசியில் சொல்வார்கள், நான் கொப்பியில் எழுதுவேன். போன வருடம் ஒரு மென்பொருள் வந்தது. பழைய விற்பனையைப் பார்த்து, அனுப்ப வேண்டிய எண்ணை அதுவே சொல்லும். அந்த எண்ணைத் தன் அனுமதி இல்லாமல் ஒருவரும் மாற்றக்கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். திரையில் தெரிகிற எண்ணுக்காக வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குகிற எல்லாருக்கும் இது விளங்கும்.

எட்டு ரின்

உடுப்பிட்டிக் கடையின் பொறுப்பாளர் கமலா அக்கா ஒரு நாள் அழைத்தார். சோயாப் பால்மா முடிந்து இரண்டு கிழமை ஆகிவிட்டதாம். அதை வாங்குவது ஒரேயொரு வீடுதான். ஜெயந்தி என்ற ஆசிரியையின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பசுப்பால் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். கிழமைக்கு ஒரு தகர ரின் போதும். எங்களிடம் இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் ரவுனுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கேயும் சில நாள் இருக்கும், சில நாள் இராது.

நான் திரையைப் பார்த்தேன். உடுப்பிட்டியில் கையிருப்பு எட்டு, விற்பனை பூச்சியம், அனுப்ப வேண்டியது பூச்சியம். தட்டில் ஒன்றுமில்லை என்று கமலா அக்கா சத்தியம் பண்ணுகிறார். முதலாளியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எட்டு ரின் இருக்கெண்டு கணினி சொல்லுது. இல்லையெண்டு நீர் சொல்லுறீர். கணினி பொய் சொல்லுமெண்டு முதல் காட்டும், பிறகு சட்டத்தை மாத்துவம்."

குருநகரில் ரின்மீன்

காட்டத்தானே வேண்டும்? அன்றிலிருந்து ஒரு கோப்பில் அதன் பிழைகளைச் சேர்த்தேன். முதலாவது தானாகவே வந்து விழுந்தது. குருநகர்க் கடையும் கொக்குவில் கடையும் ஒரே அளவு என்பதால், இரண்டுக்கும் ஒரே அளவு ரின்மீன் போக வேண்டும் என்று மென்பொருள் முடிவுசெய்தது. ஆறு பெட்டி போனது. அங்கே வாசலுக்கு வாசல் வலை காய்கிறது.

பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. எப்படியாவது விற்றுத் தொலைக்க நினைத்த பொறுப்பாளர், புருசன் கரைக்கு வந்த கையோடு அரிசி வாங்க வந்த ஒரு பெண்ணிடம் ஒரு ரின்னை நீட்டியிருக்கிறார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அண்ணை, உதை எனக்கு விக்கிறதெண்டால் முதல் கடலுக்கு ஒரு பூட்டுப் போட்டிட்டு வாங்கோ."

திருவிழா முடிந்த காலை

கோயில் கொடியேறினால் அச்சுவேலியில் பாதி வீடுகளில் முட்டை அடுப்பேறாது. திருவிழா முடிய, அடுத்த நாள் காலையே அட்டை அட்டையாகக் கேட்டு வருவார்கள். இது எங்கள் லொறிச் சாரதிக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரியவில்லை. விற்பனை கிழமைக்குக் கிழமை விழுவதைப் பார்த்து, அனுப்புவதையும் அது குறைத்துக்கொண்டே போனது. அந்தக் காலையில் கடையில் இருந்தது இரண்டு அட்டை.

மென்பொருள் விற்ற கொழும்பு நிறுவனத்துக்கு அழைத்தேன். விரதத்தைப் பற்றிப் பொறுமையாக விளக்கினேன். எதிர்முனையில் இருந்தவர் என்னைவிடப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், டேட்டாபடி பார்த்தா அந்த ஊர் ஆக்கள் முட்டை சாப்பிடுறதை விட்டுட்டாங்க."

சுகந்தி கண்ட வழி

கோப்பு தடித்தது. மிச்சம் அந்த எட்டு ரின்தான். அது இல்லையென்பதை நேரில் கண்டு எழுதிவர உடுப்பிட்டிக்குப் போனேன். சோயாப் பால்மாத் தட்டு வெறுமை. பக்கத்தில் சாதாரணப் பால்மா தட்டில் இடம் போதாமல் நிலத்திலும் அடுக்கியிருக்கிறது. இவ்வளவு எதற்கு என்று கேட்டபோதுதான் காசாளர் சுகந்தி சாதாரணமாகச் சொன்னார்: சோயா ரின்னின் பார்கோட்டை இயந்திரம் வாசிப்பதில்லை, இரண்டுக்கும் விலை ஒன்றுதானே, அதனால் ஜெயந்தி வரும்போதெல்லாம் சாதாரண ரின் ஒன்றை எடுத்துக் காட்டி பில் போட்டுவிடுவாராம்.

ஆக, கணக்கின்படி சோயா ஒன்றுமே விற்கவில்லை, சாதாரணம் கிழமைக்கு ஒன்று கூடுதலாக விற்கிறது. மென்பொருள் தனக்குச் சொன்னதை நம்பியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறைக்காமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் என் கோப்பைத் திறக்கவேயில்லை. "அப்ப பிழை கணினியிலை இல்லை, உங்களிலை," என்றார். "பிறகேன் நான் சட்டத்தை மாத்த?"

காரணத்தைத் தெரிவு செய்க

பார்கோட்டைத் திருத்தினோம். கையிருப்பு எட்டு என்பது பூச்சியமானது. அனுப்ப வேண்டியதும் பூச்சியமாகவே நின்றது. விற்காத பொருளை அது எதற்கு அனுப்பும்? தட்டில் இல்லாததை எப்படி விற்பது என்று அதனிடம் கேட்க முடியாது. அதற்குள் ரவுனிலும் ரின் கிடைக்காமல், ஒரு நாள் சாதாரணப் பால் கொடுத்துப் பிள்ளைக்கு உடம்பு தடித்துவிட்டதென்று கமலா அக்கா அழைத்தார்.

மேலதிகமாக அனுப்ப ஒரு வழி இருந்தது. காரணம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும்: சேதம், காலாவதி, களவு, விளம்பரம். பிள்ளைக்கு வேறு பால் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு காரணம் அதில் இல்லை. 'விளம்பரம்' என்று போட்டு ஆறு ரின்னை முதலாளியின் அனுமதிக்கு அனுப்பி, பிள்ளையின் நிலையையும் சொன்னேன். அவர் அனுமதியை அழுத்தினார்.

ரின்களோடு நானும் லொறியில் போனேன். ஜெயந்தி ஆறையும் ஒரேயடியாக எடுக்கக் கை நீட்டினார். தடுத்தேன். ஆறு கிழமை விடாமல், கிழமைக்கு ஒன்றாக விற்றால்தான் மென்பொருள் அதைத் தேவை என்று கணக்கெடுக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ஒரு ரின்னை மட்டும் எடுத்தார். "அப்ப என்ரை பிள்ளைக்குப் பசிக்குதெண்டு நான் கிழமைக்குக் கிழமை வந்து உந்தக் கணினிக்குச் சாட்சி சொல்லவேணுமோ?" என்றார்.

ஒரு பொருள் தேவையில்லை என்று மென்பொருளை நம்பவைக்க ஒரு தவறான பில் போதும். தேவை என்று நம்பவைக்க ஆறு கிழமையும், ஒரு பொய்க் காரணமும், பசியை முறைப்படி பதிவுசெய்கிற ஒரு பிள்ளையும் வேண்டும்.