படகிலிருந்து வந்த பெட்டி

அத்தான் தூத்துக்குடியில் ஒரு இழுவைப் படகில் இன்ஜின் பார்த்தார். அக்கா பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பிள்ளையைப் பார்க்க வந்தவர், உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். படகில் அவர்கள் படுக்கிற அறையிலும் அதே மாதிரி ஒன்று உண்டாம். "காத்து கெட்டுப்போனா கத்தும்" என்று சொல்லி அக்காவின் அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். பிள்ளைக்குச் சங்கிலி வரும் என்று பார்த்தால் கத்துகிற பெட்டி வந்திருக்கிறதே என்று நான் அக்காவைச் சீண்டிக்கொண்டே இருந்தேன்.

கார்த்திகை மழை. அம்மாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனி வேலை. சீசன் முடிந்து வீட்டில் இருந்தாள். பச்சை உடம்புக்குக் குளிர்காற்று ஆகாது என்று கதவு ஜன்னலையெல்லாம் இறுகச் சாத்தி, பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சட்டியில் கரிக்கங்கு போட்டு சாம்பிராணி காட்டினாள். சற்று நேரத்தில் பெட்டி வீறிட்டது.

"சாம்பிராணி வாடை அதுக்கு ஒத்துக்கலட்டி" என்றாள்.

மறுநாள் சாம்பிராணி போடவில்லை. கதகதப்புக்கு வெறும் கங்குச்சட்டியை மட்டும் கட்டிலோரம் வைத்தாள். புகை துளிகூட இல்லை. அப்படியும் கத்தியது. பேட்டரியை மாற்றினேன். இன்னும் பலமாகக் கத்தியது.

அம்மா மூலை மூலையாக மோந்து பார்த்தாள். பட்டாசு மருந்து லேசாகக் கெட்டிருந்தாலும் வாடையிலேயே கண்டுபிடித்துவிடுகிற மூக்கு அது. அதை நம்பித்தான் நாங்கள் அவளைத் தினமும் வேலைக்கு அனுப்பினோம்.

"ஒரு வாடையும் இல்லையேட்டி. அதக் களத்தி வையி."

அக்கா தலை வலிக்கிறதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சத்தத்திலும் பிள்ளை அசையாமல் தூங்கியது. சமத்து என்று அம்மா நெட்டி முறித்தாள்.

கழற்றுவதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று அத்தானுக்கு போன் போட்டேன். கங்கு என்றதுமே அவர் குரல் மாறிவிட்டது.

"அது கரியில வர்ற விசம்மா. கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. எங்க படகுல அது கத்துனப்பவும் மொதல்ல பேட்டரியத்தான் மாத்துனோம். ரெண்டு பேரையும் வெளிய கொண்டு வாங்க, ஓடுங்க!"

பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கையில் துணி மாதிரி துவண்டு கிடந்தது. அம்மா அக்காவைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். முகத்தில் சாரல் விழுந்தும் பிள்ளை அசையவில்லை. பிறகு வாயைக் கோணியது, வீறிட்டு அழுதது. அப்படியே ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நான் மட்டும் வீட்டுக்கு வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கங்குச்சட்டியை வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பெட்டி அடங்கியது. ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுங்கியது. ஈரக்கையோடு அதன் முன்னால் நின்றேன். அம்மாவின் மூக்குக்கும் எட்டாத ஒன்றை, எலும்பும் சதையும் இல்லாத இது எப்படிக் கண்டுபிடித்தது? என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

அவர்கள் வீடு திரும்பியதும் பிள்ளையை ஜன்னலைத் திறந்துவைத்தே குளிப்பாட்டினாள் அம்மா. கங்கு இல்லை. குளிரில் பிள்ளை தெருவே கேட்கும்படி கத்தியது. நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள், பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

"கத்தட்டும்ட்டி" என்றாள். "நல்லாக் கத்தட்டும்."