அக்காவின் மூன்று பாடங்கள்

நாங்கள் லண்டனில் வந்திறங்கிய அன்றே அக்கா டொக்டராகிவிட்டாள். படிப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. எங்களை ஏற்றிப்போக விமான நிலையத்துக்கு வந்த சிநேகிதரிடம் அப்பா, "இவள் பெரியவள், மெடிசின் செய்யப்போறாள்" என்றுதான் அறிமுகப்படுத்தினார். அக்காவுக்கு அன்று ஆங்கிலத்தில் தன் பெயரையும் வயதையும் சொல்லத் தெரியும். அவ்வளவுதான்.

அப்பாவும் ஒரு காலத்தில் டொக்டராக இருந்தவர்தான், அதாவது மனத்தளவில். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்க இரண்டு தரம் சோதனை எடுத்தவர். புள்ளிகள் போதும், ஆனால் உங்கள் மாவட்டத்துக்கு இந்தப் புள்ளிகள் போதாது என்று இரண்டு தரமும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சங்கக்கடையில் மனேஜராக இருந்தார், பிறகு சண்டை வந்தது, பிறகு லண்டன். இங்கே பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிகரெட் விற்றார்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு சலூனுக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அம்மா வீட்டில் இருந்தபடி உடுப்புத் தைத்துக் கொடுத்தார். எங்கள் அகதி விண்ணப்பம் குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருந்த பெரிய கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் கிடந்தது. வீட்டில் அதற்குப் பெயர் 'கேஸ்'. கேஸ் முடிந்தால் விசா வரும், விசா வந்தால் எல்லாம் வரும். இந்த இரண்டு சொற்களைத் தவிர வேறு சொல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வருகிற கடிதங்களை அக்காதான் படித்துச் சொல்லுவாள். பதில் எழுதுவதும் அவள்தான். அப்பா வேலையில் நிற்கிற நேரங்களில் அவருடைய கையெழுத்தையும் அவளே போடுவாள். அப்பாவைவிட நன்றாகப் போடுவாள் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார்.

அக்காவுக்குப் பதினாறு நடக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் படிவம் வந்தது. இந்த நாட்டில் அந்த வயதில் மற்றப் பாடங்களையெல்லாம் விட்டுவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் அந்த மூன்றைப் படித்து, அதைக் காட்டித்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம். பெற்றோல் நிலையத்துக்கு வந்துபோகிற எல்லாத் தமிழரிடமும் அப்பா விசாரித்து வைத்திருந்தார். கெமிஸ்ட்ரி, பயோலஜி, மட்ஸ். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் அக்கா குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று ஆங்கிலத்தில் பேசுவாள். கெஞ்சுவாள், அதட்டுவாள், சிலநேரம் சிரிப்பாள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு ஒரு பெரிய வேடம் கிடைத்திருந்தது. அதை வீட்டில் அவள் சொல்லவில்லை. வீட்டில் பேசவே பேசாத அக்காவுக்கு இத்தனை குரல்கள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

படிவத்தை அவள் நிரப்பியதையும் நான் மட்டும்தான் பார்த்தேன். கட்டிலில் குந்தியிருந்து, பாடப்புத்தகம் ஒன்றை மடியில் வைத்து, மிகவும் நிதானமாக எழுதினாள். ஆங்கில இலக்கியம், சரித்திரம், நாடகம். கீழே அப்பாவின் கையெழுத்து. எழுதி முடித்துவிட்டு, சாப்பிட்டு முடித்தவளைப்போல, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"பெரியவள், போம் குடுத்தாச்சோ?"

"ஓம் அப்பா, குடுத்திட்டன்."

"கெமிஸ்ட்ரி, பயோ, மட்ஸ்தானே?"

"ஓம்."

எனக்குத் தெரிந்த ஒன்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லை அப்பா, அக்கா டிராமா எல்லோ எழுதினவ! நான் பாத்தனான்."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"சின்னவள் சொல்லுறது உண்மையே?"

"ஓம்" என்றாள் அக்கா. அதே 'ஓம்'தான், ஆனால் வேறு குரல்.

"ஏன்?"

"எனக்கு விருப்பம் அப்பா."

"விருப்பமோ?" என்று அப்பா கேட்டார். அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டவர்போலக் கேட்டார். அம்மாதான் அழத் தொடங்கினார். கையெழுத்தை வைத்து ஏமாற்றிப்போட்டாளே, இதுக்கோ இவளை நம்பி எல்லாத்தையும் குடுத்தது என்றார். அப்பா சத்தம் போடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து, "நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வாறன். சின்னவளும் வரட்டும். அங்க சொல்லுறதை அவள் எனக்குச் சொல்லட்டும்" என்றார். அக்காவின் மொழிபெயர்ப்பில் அவருக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது.

மறுநாள் அப்பா வேலைக்கு லீவு போட்டார். கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். என்னை என் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அக்காவின் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பதினொரு வயது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பெரிய வேலையாகப் போகிறேன் என்று, இரண்டு சடையும் இறுக்கிப் பின்னச்சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்தேன்.

மேல் வகுப்புகளுக்குப் பொறுப்பான ரீச்சர் எங்களை ஒரு சின்ன அறையில் இருத்தினார். கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி, களைத்த முகம். மேசையில் அக்காவின் படிவம் கிடந்தது. அக்கா சுவரோரக் கதிரையில் இருந்தாள். அப்பா என் பக்கம் திரும்பி, "என்ரை மகள் டொக்டருக்குப் படிக்கவேணும், பாடத்தை மாத்தித் தரச்சொல்லு" என்றார். நான் சொன்னேன்.

ரீச்சர் பதில் சொல்ல வாயெடுக்குமுன் அக்கா வேகமான ஆங்கிலத்தில் குறுக்கிட்டாள். "மிஸ், அவருக்கு அது தெரியாது. தயவுசெய்து சொல்லாதீர்கள்." எது தெரியாது என்று நான் யோசிக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாதவை எத்தனையோ இருந்தன. என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லாததை நான் மொழிபெயர்க்கவும் இல்லை.

ரீச்சர் அக்காவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்தெடுத்துப் பேசினார். உங்கள் மகள் மிகவும் கெட்டிக்காரி. எந்தப் பாடத்தையும் அவளால் படிக்க முடியும். பிரச்சினை அவளுடைய திறமை இல்லை, அவளுடைய 'ஸ்டேட்டஸ்'. இப்போது இருக்கிற நிலையில் மருத்துவம் நடக்கக்கூடிய காரியம் இல்லை. வருந்துகிறேன்.

அந்தத் தவணைதான் எங்கள் வகுப்பில் பழைய இங்கிலாந்தைப் பற்றிப் படித்தோம். சீமான்களுக்கு ஸ்டேட்டஸ் இருந்தது, வேலைக்காரருக்கு இல்லை. அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குத் தமிழும் தெரியும். வீட்டில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கிற படங்களில் பணக்காரத் தகப்பன்மார் மாடிப்படியில் நின்று கத்துகிற சொல்.

"அக்காவுக்கு நல்ல மூளையாம் அப்பா. ஆனா அந்தஸ்து இல்லையாம். அதாலை டொக்டருக்குப் படிக்கேலாதாம்."

அப்பாவின் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழும்பினார்.

"அப்பிடியோ சொல்லுறா? இவைக்கு எங்களை ஆரெண்டு தெரியாது. பெற்றோல் அடிக்கிறவன்ரை பிள்ளைக்கு இது காணும் எண்டு நினைச்சிட்டினம்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாதி எழும்பியிருந்தாள். வாய் திறந்திருந்தது. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வசனம் போதும், அவள் திருத்தியிருக்கலாம். ரீச்சர் 'விசா' என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்கே விளங்கியிருக்கும்.

அப்பா கோட்டுப் பைக்குள்ளிருந்து பேனையை எடுத்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அக்கா எழுதிய மூன்றையும் கோடு போட்டு வெட்டினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரே பேசினார். "மை டோட்டர் டொக்டர். ஐ ரைட்." மூன்று பாடங்களையும் பெரிய எழுத்தில், அச்சுப்போல எழுதினார். கடைசியில் தன் கையெழுத்தை அவரே போட்டார்.

ரீச்சர் அக்காவிடம், உனக்கு இது சம்மதமா என்று கேட்டார். அக்கா அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயை மூடிக் கதிரையில் அமர்ந்தாள். பிறகு, "ஓம் அப்பா, நான் இதையே படிக்கிறன்" என்று தமிழில் சொன்னாள். ரீச்சரிடம் "யெஸ், மிஸ்" என்றாள்.

திரும்பி வரும்போது அப்பா முன்னால் வேகமாக நடந்தார். நான் அக்காவிடம் கேட்டேன்.

"நான் சரியாச் சொன்னனானே?"

"சரியாத்தான் சொன்னனி" என்றாள்.

பிறகு குளியலறையிலிருந்து குரல்கள் வரவில்லை. நாடகத்தில் அவளுக்குத் தந்த வேடத்தை அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று பின்னால்தான் தெரிந்தது. இரண்டு வருடமும் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தைக் காலையில் இருந்து மாலைவரை பாடமாக்கினாள். விளங்கிப் படிப்பவளின் முகம் அல்ல அது, வாய் மட்டும் அசையும். ஒரு கட்டத்தில் சீப்பில் மயிர் கொத்தாக வந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்றார்கள். இரண்டு 'ஏ', ஒரு 'பி' எடுத்தாள். அதற்கு முன்னமே ஒரு பல்கலைக்கழகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, மருத்துவத்துக்கு இடம் தருகிறோம் என்று எழுதியும் இருந்தது. அப்பா பெற்றோல் நிலையத்தில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார். அறிமுகம் இல்லாத வாடிக்கையாளருக்கும் கண்ணாடித் துவாரத்துக்குள்ளால் நீட்டினாராம்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அடுத்த கடிதத்தை அக்கா சாப்பாட்டு மேசையில் வைத்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு சொல் விடாமல் தமிழில் படித்தாள். எனக்குப் பதின்மூன்று வயது, பக்கத்தில் இருந்தேன். கேஸ் முடியாத பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை இல்லை. வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற பணக்காரப் பிள்ளைகள் கட்டுகிற காசைத்தான் அவளும் கட்ட வேண்டும். அரசாங்கம் கடன் தராது. அந்தக் கடிதத்திலும் 'ஸ்டேட்டஸ்' என்ற அந்தச் சொல் இருந்தது, அக்கா அதை 'விசா நிலைமை' என்று சரியாகச் சொன்னாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கேட்டார்.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"அந்தப் போமை நிரப்பேக்கை தெரியும் அப்பா. ரீச்சர் சொன்னவ. எப்பிடியும் ரெண்டு வருசம்தான் படிக்கலாம், அதை எனக்குப் பிடிச்சதாப் படிப்பம் எண்டுதான்…"

அவள் முடிக்கவில்லை. அப்பா எழும்பி, வேலைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே, மேலங்கியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் படிவத்தில் நான் எதை எழுதினேன் என்றுகூடக் கேட்கவில்லை. என் முறை வந்தபோது எங்களுக்கு விசா வந்திருந்தது. நான் பல்கலைக்கழகம் போனேன். விசா வந்தபோது அக்காவுக்கு இருபத்தொரு வயது, ஒரு புடவைக்கடையின் பின்னறையில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இனிப் படிக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் சிரித்துவிட்டு, எதையும் படிக்கவில்லை. டொக்டருக்கும் இல்லை, நாடகமும் இல்லை.

அன்று அந்த அறையில் அவள் அப்பாவுக்குப் பயந்துதான் வாயை மூடினாள் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அப்பா செத்த பிறகு ஒருநாள் அவளிடம் கேட்டேன். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பயமோ? அப்பாவுக்கு ஆர் பயந்தது?" என்றாள். "லண்டன் வந்த நாள்முதல் அவர் சிரிச்சு நான் காணேல்லை. அண்டைக்கு அந்த மூண்டு பாடத்தையும் எழுதிப்போட்டுச் சிரிச்சவர். நீ பாக்கேல்லையே?"

நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களைப் பார்த்தேன். அப்பா கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்துகொண்டே பாடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் என்னையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாலங்களின் பெயர்களைச் சொன்னார். பனி கொட்டிய ஒருநாள் செருப்போடு கீழே இறங்கி, சலூன்காரரோடு சேர்ந்து பனியை உருட்டி எறிந்து விளையாடினார். அப்பாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.