டிக் விழுந்த மெயில்கள்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எரரே காட்டாத சாஃப்ட்வேர் எழுதியவன் என்று வருடக்கணக்கில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். காய்ச்சல் தெரியக்கூடாது என்று தெர்மாமீட்டரை உடைத்த டாக்டர் நான்.

காஞ்சிபுரத்துச் சின்னப் பட்டுக்கடைகளுக்கு ஆர்டர் சாஃப்ட்வேர் எழுதுவது என் பிழைப்பு. அதிலிருந்தே புடவை டிசைனை மெயிலில் அனுப்பலாம். அதற்குக் கடையின் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்து மெயில் சர்வரில் லாகின் ஆக வேண்டும். அந்த லாகின் தோற்றால், சத்தமில்லாமல், சோதித்துப் பார்க்க நான் வைத்திருந்த என் டெஸ்ட் அக்கவுண்டிலிருந்து மெயில் போகும்படி ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். பெயர் மட்டும் கடைப் பெயர். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் சரசு அக்கா என் சாஃப்ட்வேரை வைத்து ஆர்டர் பிடிப்பார், அவர் கணவர் வீட்டுத் தறியில் நெய்வார். ஒருநாள் மெயில் கம்பெனி விதியை மாற்றியது: பழைய பாஸ்வேர்டு செல்லாது, இந்த மாதிரி சாஃப்ட்வேருக்கென்று தனியாக எடுக்கும் ஆப் பாஸ்வேர்டு வேண்டும். அக்காவின் லாகின் தோற்றது. திரையில் மட்டும் பச்சை டிக்.

சில நாளில் போன் வந்தது.

"ஏன்பா, மெயில் போவுதா இல்லையா? ஒருத்தரும் பதிலே போட மாட்டேங்கறாங்க."

"டிக் விழுதில்லக்கா? உங்க புடவையப் பாத்து வாயடச்சிப் போயிருப்பாங்க."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். டெஸ்ட் அக்கவுண்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஒரு பெண் வீட்டார், கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அதை வாங்க அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அரக்கு உடல், கரையில் கறுப்புக் கோடு. டிசைன் மெயிலில், "மாற்றம் இருந்தால் மூன்று நாளில் சொல்லவும்" என்று இருந்தது. பதில் வராததால் சம்மதம் என்று நெய்துவிட்டார்கள்.

"முகூர்த்தப் புடவைல கறுப்பு ஆவாதுன்னு அன்னிக்கே பதில் போட்டேனேம்மா!" என்று பெண்ணின் அம்மா போனை நீட்டினார். பதில் போயிருந்த இடத்தில் அக்காவின் ஐடி இல்லை, என் டெஸ்ட் ஐடி.

அக்கா போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வேறு கடைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் நெய்த புடவை பாயில் கிடந்தது. டெஸ்ட் அக்கவுண்டைத் திறந்தேன். பதினோரு பதில்கள், எல்லாம் அக்காவுக்கு வந்தவை. வாயடைத்துப் போனவன் நான்தான்.

அங்கேயே உட்கார்ந்து, மெயில் என் அக்கவுண்டுக்குத் தாவும் அந்த வழியை அழித்தேன். தோற்ற லாகினை மறைக்காதீர்கள், தம்பிகளே, தங்கைகளே. தோற்றது என்று உரக்கச் சொல்லி நிறுத்துங்கள். அது ஒன்றும் அவமானமில்லை. அன்று அந்தப் புடவை முன்னால் நான் நின்றதுதான் அவமானம்.

ஆப் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் இளித்தேன்.

"இனிமே லாகின் ஆவலன்னா செவப்புல பெருசா எரர் வரும்க்கா. வேற என்னா செய்யணும், சொல்லுங்க."

அக்கா புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க பேர்ல நீ பேசாதப்பா."