பின்பக்கக் கக்கூசில் கிடந்த ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு நான்கு பெண்களைத் திட்டினேன். எல்லாம் கெடத் தொடங்கிய நேரம் அதுதான். எப்போதிலிருந்து என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்பா மயங்கி விழுந்த நாளைச் சொன்னேன். அவர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். அது பொய். அதற்கு எட்டு மாதம் முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே, அப்பாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விஷயம் என் கண் முன்னால் வெள்ளைப் பீங்கானில் சிவப்பாகக் கிடந்தது. பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு மிஞ்சிய மனையில் அப்பா வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டார். இரண்டு அறைகளில் செல்போன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள், மற்றதில் குடும்பங்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பின்பக்கத்தில் இரண்டு கக்கூஸ். முன்னால் எங்கள் வீடு. அம்மா போன பிறகு நானும் என் கணவரும் மகளும் அப்பாவோடு அங்கேயே இருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்குள்ளும் கக்கூஸ் உண்டு. ஹாலை ஒட்டி, டைல்ஸ் போட்டு, உட்காரும் வகை. அப்பா அதை ஒருநாளும் தொட்டதில்லை. “நாற்காலில குந்திகினா எனக்கு வராது” என்பார். உண்மையான காரணம் வேறு. ஹாலில் நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார அவருக்குக் கூச்சம். விடியுமுன் எழுந்து, வாடகைக்கு இருப்பவர்கள் வரிசை கட்டுவதற்கு முன் இருட்டிலேயே பின்பக்கம் போய் வந்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ரத்தத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் குடியிருக்கும் இடத்தில் ரத்தத்தைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. நால்வரையும் வரச் சொல்லி, படித்த பெண்களுக்கு இதுகூடத் தெரியாதா, தண்ணீர் ஊற்றக் கை வலிக்கிறதா, வீட்டில் இப்படித்தான் வளர்த்தார்களா என்று ஆரம்பித்தேன். மூன்று பேர் தலை குனிந்து நின்றார்கள். நான்காவது பெண்ணுக்குத் தென்காசிப் பக்கம். வாய் அதிகம் என்று முன்பே எனக்கு அவள் மேல் எரிச்சல்.

“அக்கா, ஒரு வாரமா தெனமும் கெடக்குன்னு நீங்கதான சொல்லுதீய?”

“ஆமா. அதுக்கென்ன?”

“எங்க நாலு பேருக்கும் மாசத்துல முப்பது நாளுமாக்கா வரும்? அப்டி வந்தா நாங்க கம்பெனிக்கா போவோம், ஆஸ்பத்திரிக்குல்லா போவோம்.”

மற்ற மூவரும் சிரிப்பை அடக்கினார்கள். அவள் சொன்னதில் இருந்த கணக்கை நான் கேட்டிருக்க வேண்டும். தினமும் ரத்தம் என்றால் யாருக்கோ நோய். இருபத்திரண்டு வயதுப் பெண் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். எனக்குத் திமிர்தான் காதில் விழுந்தது. அடுத்த மாதம் அறையைக் காலி செய்துவிடு என்றேன். அவளும் செய்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்தபோது அப்பா துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, “வுடும்மா, நான் கழுவி வுட்டுடறேன்” என்று வாளியை எடுத்தார். வீட்டு ஓனர் கழுவும்படி வைத்துவிட்டீர்களே என்று அதற்கும் சேர்த்து அந்தப் பெண்களைத் திட்டினேன்.

அன்றிலிருந்து ரத்தம் தென்படவில்லை. நான் சத்தம் போட்டதால் திருந்திவிட்டார்கள் என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா தினமும் தன் ரத்தத்தைத் தானே கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

வாரம் ஒருமுறை கருணைக்கிழங்கு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். சமைத்துப் போட்டேன். கம்பெனிக் காம்பவுண்டு ஓரத்தில் துத்தி இலை பறித்து வந்து வதக்கித் தரச் சொன்னார். உடம்புச் சூடு என்றார். கருணைக்கிழங்கும் துத்தியும் எதற்குச் சாப்பிடுவார்கள் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மூலமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். ஆண்பிள்ளையிடம், அதுவும் அப்பாவிடம், அதை எப்படிக் கேட்பது? ஸ்ரீபெரும்புதூருக்கு ஷேர் ஆட்டோவில் தனியாகப் போய் வருவார். சுவரெல்லாம் விளம்பரம் எழுதியிருக்கும் மூல வைத்தியர் ஒருவர் அங்கே லாட்ஜ் அறையில் வாரத்துக்கு இரண்டு நாள் உட்காருவாராம். உள்ளே விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார். மூன்று முறை. இது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அந்த ஆள் இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

அடுத்து நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. நான் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் வேலை செய்கிறேன். சுற்றியுள்ள ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி நடத்தும் மருத்துவ முகாமுக்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் முகாம் நடந்தது. படிவம் நான் அடித்தது. பெயர், வயது, எடை, பிரஷர், சுகர், கண். அவ்வளவுதான் கட்டங்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம், மலத்தில் ரத்தம் போகிறதா என்று ஒரு வரி சேர்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எந்த வருடப் படிவத்திலும் அது இல்லை. பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினேன்.

அப்பா வரிசையில் வந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. “வேற ஏதாவது தொந்தரவு இருக்கா ஐயா?” என்று கேட்டார். மூன்றடி தள்ளி மேசையில் நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஒன்னும் இல்ல சார். கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கலா கீது.”

கண்ணாடி கொடுத்தோம். “ஐயா ஹீரோ கணக்கா கீறாரு, அப்டியே நில்லுங்க” என்று கூட வேலை செய்பவர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுச் சிரிக்கும் அப்பாவின் உதடு வெளுத்திருப்பது அதில் நன்றாகத் தெரிகிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் என் இருக்கைக்குப் போகிறேன்.

எங்கள் கம்பெனியில் அலுமினிய வார்ப்பு. இஞ்சினுக்குப் போகும் ஒவ்வொரு துண்டையும் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே மிளகளவு காற்றுக்குமிழி இருந்தால்கூட ஒதுக்கிவிடுவார்கள். அதற்கென்றே மூன்று ஷிப்டுக்கும் ஆள் உண்டு. இந்த ரோடு நெடுக வகைவகையான மெஷின். அவற்றைச் சுற்றிக் குடியிருக்கும் கிழவன் கிழவிகளின் குடலுக்குள் பார்க்க ஒன்றுகூட இல்லை.

வெளுத்துப் போயிருக்கிறாரே என்று ஒருநாள் பஸ் ஸ்டாப் பக்கத்து கிளினிக்குக்கு நானே கூட்டிப் போனேன். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். “வயசானா ரத்தம் கம்மியாத்தாம்மா இருக்கும்” என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அந்த ரத்தம் எங்கே போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கக்கூசுக்கு நிற்கும் நேரம். ஐந்தாம் அறையில் இருப்பவர் கதவைத் தட்டினார். “அக்கா, தாத்தா உள்ளே போயி ரொம்ப நேரமாகுது. கூப்பிட்டா சத்தமில்ல.” என் கணவரும் அவருமாகத் தாழ்ப்பாளை உடைத்தார்கள். அப்பா சுவரில் சாய்ந்து கிடந்தார். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. நான்கு நாளாக எதுவும் வெளியே போகவில்லை என்பதை ஆம்புலன்சில் மயக்கம் தெளிந்த பிறகுதான் சொன்னார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, ஆம்புலன்சில் வந்த பையனிடம் சொன்னார்.

பக்கத்தில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் எங்களால் ஆகாது என்று சென்னைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடலில் கட்டி, வழியை முழுக்க அடைத்துவிட்டது. மலம் வெளியேற உடனே வயிற்றில் துளை போட்டுப் பை வைத்தார்கள். கட்டியை வெட்டி எடுக்க முடியுமா என்பதற்கு இன்னும் பரிசோதனைகள் வேண்டும் என்றார்கள். மூன்று நாள். எடுக்க முடிந்தால் அப்பா இருப்பார். அந்த மூன்று நாளும் எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

இரண்டாம் நாள் அப்பாவால் பேச முடிந்தது.

“எப்பலேர்ந்துப்பா ரத்தம்?”

“நீ அந்தப் பொண்ணுங்கள கத்தனியே, அதுக்கு முன்னாடியே.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“இன்னான்னு சொல்றது? பெத்த பொண்ணாண்ட போயி எனக்கு இங்க ரத்தம் வருதுன்னா?” முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “அந்தத் தென்காசிப் பொண்ணு பாவம். நான்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாய் வரல.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. வயிற்றில் பை தொங்கும் அறுபத்தெட்டு வயது மனிதரை. வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் டாக்டர் கூப்பிட்டார். ஸ்கேனைத் திரையில் காட்டினார். கல்லீரலில் ஏழெட்டு இடத்தில் கறுப்பாகப் புள்ளிகள். வெட்டி எடுக்க முடியாது, மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார். அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. களைப்பாக இருந்தார்.

“உங்க ரோட்டுலேர்ந்து வர்ற பெரியவங்க பெரும்பாலும் இந்த நிலைமையிலதான் வராங்கம்மா. சிட்டிக்குள்ள இருக்கவங்க கொஞ்சம் முன்னாடியே வந்துடறாங்க. இங்க யாராவது ஒரு டாக்டர் கேட்டுடறாரு. உங்க பக்கம் மூலம்னு ஒரு வருஷம் போயிடுது.”

“நாப்பது கிலோமீட்டர்தான் சார்” என்றேன்.

“தெரியும்மா.” பேனாவை எடுத்தார். “குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்திருக்கா? அப்பாவோட அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க?”

“யாருக்கும் இல்ல சார்.”

எழுதிக்கொண்டார். எனக்கு நாற்பத்தாறு வயது, தாமதிக்காமல் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். என் மகளின் வயதைக் கேட்டார். பதினேழு என்றேன். இப்போது வேண்டாம், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நினைவில் வைத்துக்கொள்வதாவது. இப்போதெல்லாம் காலையில் அவள் கக்கூசிலிருந்து வெளியே வந்ததும் ரத்தம் ஏதாவது போச்சா என்று கேட்கிறேன். “அம்மா, தினமும் காலங்காத்தால இதையே கேப்பியா? காலேஜ் போனா ஹாஸ்டலுக்கும் போன் பண்ணிக் கேப்பியா?” என்கிறாள். கேட்பேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்பேன். இந்த வீட்டில் இனி அது வெட்கப்படுகிற வார்த்தை கிடையாது.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அத்தை வந்தார். அப்பாவுக்கு மூன்று வயது மூத்த அக்கா. கல்யாணமாகிப் போனதிலிருந்து சென்னையில்தான் இருக்கிறார். மகன் காரில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை கட்டிலருகே நின்று போர்வையை லேசாகத் தூக்கி அந்தப் பையைப் பார்த்தார். அருவருப்போ பயமோ அவர் முகத்தில் இல்லை. எங்கே ஒட்டியிருக்கிறார்கள், கசிகிறதா என்று தெரிந்தவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இட்டுக்கொண்டு போனார்.

“எடுக்க முடியாதாமா?”

“முடியாதாம் அத்தை. பரவிடுச்சாம்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார்.

“மூணு வருஷம் முன்னாடி எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்னு வந்து பாத்தீங்களே. அது கர்ப்பப்பை இல்லம்மா. இதான். எங்க தெரு டாக்டரம்மா, ரத்தம் கம்மியா கீதே, வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதான்னு நேராவே கேட்டுச்சு. பொம்பளதானேன்னு சொல்லிட்டேன். அந்த வாரமே கேமரா வுட்டுப் பாத்து வெட்டிட்டாங்க. கொஞ்ச நாள் பை வெச்சிருந்து எடுத்துட்டாங்க. மருந்துகூட ஏத்தல.”

பேசினால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

“பேத்திக்கு அப்பதான் மாப்பிள்ள பாத்துகினு இருந்தோம். கேன்சர்னு தெரிஞ்சா யாரு வருவாங்க? வெளிய சொல்லக் கூடாதுன்னு மவன் சத்தியம் வாங்கிட்டான்.” அத்தை தரையைப் பார்த்தபடியே சொன்னார். “கூடப் பொறந்தவங்கள ஒருவாட்டி டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்கன்னு அந்த டாக்டரம்மா உங்கப்பனுக்குச் சீட்டு எழுதியே குடுத்துச்சு. பீரோல வெச்சிருக்கேன்.”