வடைக்கடையில் முடியும் நடைப்பயிற்சி

காலை ஏழே முக்கால் மணிக்கு, ராயபுரத்தில் ஒரு டிபன் கடை வாசலில், என் மகள் ஷீபா வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எங்கள் நடைப்பயிற்சிக் குழுப் பெண்கள் அப்போதுதான் இரண்டாம் சுற்று வடைக்குச் சொல்லியிருந்தார்கள். "பிள்ள ரொம்ப நடந்துட்டா, பாவம்" என்றார் குழுத் தலைவி, சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தியபடி.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து மளிகை வியாபாரத்துக்காக இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. கடல் தாண்டிப் போனவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு ரயில் போகும் தூரத்திலேயே ஒரு வெளிநாடு வாய்த்தது. வந்த முதல் நாள், பக்கத்து வீட்டு ராணி "இன்னாமே, துன்னியா?" என்று, சாப்பிட்டாயா என்பதைத்தான் அன்பாகக் கேட்டபோது, சண்டைக்கு வருகிறாள் என்று பயந்து கதவைச் சாத்தியவள் நான். ஊரில் காரணமில்லாமல் ஒருவர் தெருவில் நடந்தால் வீட்டில் தகராறு என்று அர்த்தம். இங்கே வந்த பிறகு எங்கள் ஊர்க்காரர்களும் ஆரோக்கியத்துக்காக நடக்கப் பழகினோம். ஆனால் நடந்துவிட்ட குற்றத்துக்குப் பரிகாரம்போல, நெய்ப்பொங்கலும் வடையும் தின்னாமல் வீடு திரும்புவதில்லை.

ஷீபா போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியவள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. தினமும் விடியற்காலையில் திருவொற்றியூர் மைதானத்தில் ஓடுவாள். இடையில் ஒருநாள் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. "எண்ணெய், நெய்யைக் குறைங்க. வலி இல்லாதப்போ வழக்கம்போல ஓடலாம். வலி வந்தா நிறுத்திட்டு உடனே வாங்க" என்றார் டாக்டர். என் காதில் கல் என்பது மட்டும்தான் விழுந்தது. டப்பாவுக்குள் கோலிக்குண்டுகள்போல அவை குலுங்குவதாக இரவெல்லாம் தோன்றியது. அவள் ஓட்டத்தை நிறுத்தினேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ராணி பேசினாள். "இன்னாமா நீ, ஓடற புள்ளைய வூட்ல குந்த வெச்சுகினு கீற? போலீஸ்ல சேர்ந்து குந்திகினா திருடன் தானா வருவானா?"

அதற்குச் சமாதானமாகத்தான் ஷீபாவை எங்கள் குழுவோடு நடக்க அழைத்துப் போனேன். அன்று அந்த டிபன் கடையில் அவள் இட்லி போதும் என்றாள். நடந்து களைத்த பிள்ளை வெறும் இட்லியா தின்பது என்று நானே பொங்கலை இலையில் வைத்து, அதன் மேல் இரண்டு வடையும் வைத்தேன்.

விஷயம் கேட்டு ஆட்டோவோடு கடைக்கே வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் ராணி. வழி முழுக்க ஷீபா என் கையை இறுக்கிக்கொண்டே வந்தாள். அந்த இடம் இன்னும் வலிக்கிறது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஷீபா நடைப்பயிற்சியிலிருந்து வடை வரை சொன்னாள்.

"நடந்ததுல தப்பில்ல, தின்னதுலதான்" என்றார் அவர். பித்தப்பை வீங்கியிருந்தது, அதை எடுத்துவிட வேண்டும். ஷீபா வேறெதுவும் கேட்கவில்லை. "செலக்ஷனுக்கு முன்னாடி ஓட முடியுமா டாக்டர்?"

"ஆபரேஷன் முடிஞ்சு மெதுவா நடக்க ஆரம்பிங்க. சில வாரம் கழிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன். ஓட வேண்டாம்னு நான் எப்பவும் சொல்லலையே?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை ராணி ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்தாள். "மெதுவாத் துன்னு கண்ணு, ஓடறதுக்கு தெம்பு வோணும்ல." ஷீபா பாதி கஞ்சியில் இருக்கும்போது கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இறங்கி நேராக வந்தாள் என் அக்கா. பை நிறைய முந்திரிக்கொத்து. வெல்லமும் பயறும் உருட்டி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்தது. அறையே ஊர் மணத்தது. எனக்கே நாவூறியது.

"என்னத்துக்கு மக்ளே இந்தத் தண்ணிக் கஞ்சி? இத ரெண்டு தின்னு. இனி ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்கூட ஊருக்கு வா, அனங்காம, அசையாமக் கிடக்கலாம்."

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் பையை வாங்கி ராணியிடம் நீட்டினேன்.

"இவ இனிமேலும் ஓடுவாக்கா. ராணி, நீங்க சாப்பிடுங்க."

ராணி ஒன்றைக் கடித்து, "சோக்கா கீது" என்றாள்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ இந்த ஊர்க்காரியாவே ஆயிட்டடி."