பொட்டு வைக்கக் கூடாத பாட்டில்

என் தாய்மாமா செஞ்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். ஆயுத பூஜை வந்தால் அங்கே பாட்டில் பாட்டிலாகப் பொட்டு வைப்பார்கள். அமிலத்துக்கும் பொட்டு, உப்புக்கும் பொட்டு. எதில் என்ன இருக்கிறது என்று சரஸ்வதிக்காவது தெரியுமோ என்னவோ! மூன்றாம் வகுப்பு படித்த நான் சந்தனக் கிண்ணத்தோடு மாமாவுக்கு வாலாகப் போயிருந்தேன்.

ஒரு பாட்டிலை மட்டும் மாமா மேசை ஓரத்தில் தனியாக வைத்தார். உள்ளே வெளிறிய மஞ்சள் தூள். மூடி அரித்துப்போய் விரிசல் விட்டிருந்தது.

"இன்னா மாமா அது?"

"பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. பாஸ்பரசையும் குளோரினையும் சேத்துப் பண்றது. ஈரக் காத்து பட்டாலே பொகையும். தண்ணி பட்டுச்சு, அவ்ளோதான். இத்தத் தொடாத பாப்பா."

அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்த பூமூட்டையை வாங்க மாமா வாசலுக்குப் போனார். ஒன்றை மட்டும் பொட்டில்லாமல் விட்டால் சாமி கோபித்துக்கொள்ளாதா? தண்ணீர்தானே கூடாது, சந்தனம் தண்ணீரா என்ன! நீர்க்கக் கரைத்த சந்தனத்தைத் தொட்டு மூடியில் அழுத்தினேன். மூடி பொடிந்தது. சந்தனம் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது.

புஸ்ஸென்று சீறிக்கொண்டு வெள்ளைப் புகை கிளம்பியது. மிளகாயை வறுத்தது போல் தொண்டை கமறியது. "ஐயோ அம்மா!" என்று அலறினேன். மாமா ஓடிவந்து என்னை வெளியே இழுத்துத் தள்ளினார்.

"தண்ணி உள்ள போச்சா? சொல்லு, போச்சா?"

"இல்ல மாமா. தானா பொகையுது."

அதை நம்பி, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவுக்குள் புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. மாமா செத்துப்போனால் கொன்றவள் நான்தான். உண்மையைக் கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நைனாவின் பெல்ட் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

இருமி இருமி மாமா வெளியே வந்தார். மணல் வாளிக்குள் பாட்டில். அவருடைய உள்ளங்கை வெந்து சிவந்திருந்தது. வாளியைத் திறந்தவெளியில் வைத்துவிட்டு, என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், தன் கையை விட்டுவிட்டு என் விரல்களை நகக்கண் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அதற்குள் பேராசிரியர் ஓடிவந்தார். "யாருய்யா அத்தத் தொட்டது?"

"யாரும் தொடல சார். மூடி இத்துப்போயி இருந்துச்சு. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

அப்பாடா, மாமா என் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்க்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.